டெஸ்ட்டில் பூஜ்யம், பாறையில் பாசி

கேள்வி: 60 லிட்டர் கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்க்கிறேன். நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் டெஸ்ட்டில் பூஜ்யம்தான். ஆனால் பாறையெல்லாம் பச்சை முடிப்பாசி. எப்படி?

பதில்: தண்ணீரில் சேரும் சத்தை உடனுக்குடன் பாசியே தின்றுவிடுகிறது, மிச்சத்தைத்தான் நீங்கள் அளக்கிறீர்கள். அதனால் அந்தப் பூஜ்யத்தை நம்ப வேண்டாம்.

முதலில் கையால் பிடுங்குங்கள். பாசி அடர்ந்த கல்லைத் தொட்டியின் பழைய உப்புநீர் உள்ள வாளியில் வைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் வேரோடு தேய்க்க வேண்டும். தொட்டிக்குள்ளேயே தேய்த்தால் துணுக்குகள் பறந்து வேறு இடத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு வாரம் 6 லிட்டர் மாற்றுங்கள். குழாய்த் தண்ணீர் கூடாது, டி.ஐ. பில்டருடன் (மிச்சமிருக்கும் அயனிகளையும் நீக்கும் வடிகட்டி) கூடிய ஆர்.ஓ. நீர், டி.டி.எஸ். (கரைந்த பொருள்களின் அளவு) 0 காட்ட வேண்டும். வீட்டுக் குடிநீர் ஆர்.ஓ. இதற்குப் போதாது. உப்பு கலந்த பின் நீரின் ஒப்படர்த்தி 1.025 இருக்கட்டும்.

உறைந்த தீனியை அப்படியே போடாதீர்கள். வடிகட்டியில் கரையவிட்டு, அலசிப் போடுங்கள். விளக்கு 8 மணி நேரம் போதும். மேயச் சில டர்போ நத்தைகள் விடலாம். நீண்டு வளர்ந்த பாசியை அவை பெரும்பாலும் சீண்டாது, அதனால்தான் முதலில் பிடுங்கச் சொன்னேன்.

பாஸ்பேட் உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு துகளை, பாக்கெட்டில் சொன்ன அளவில் கால்பங்கில் தொடங்குங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் பவளம் வெளிறும். பாசி போன இடத்தில் பழுப்புக் கோழையாக டைனோ (டைனோபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர்) வந்து உட்காரும். அது இதைவிடப் பெரிய தலைவலி. நைட்ரேட் 5 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பி.பி.எம். வரை இருக்கட்டும்.