ஒளித்தால் 520, சொன்னால் 583

கேள்வி:

அக்கா, நான் லண்டன் ஈஸ்ட்ஹாமில் இருக்கிறேன். வயது 41. கணவர் பிரிந்துபோய் மூன்று வருடம். 12 வயதிலும் 7 வயதிலும் இரண்டு பிள்ளைகள். அரசாங்கம் தருகிற யூனிவேர்சல் கிரெடிட் உதவிக் காசு எடுக்கிறேன். வீட்டு வாடகையும் அதிலேதான் வருகிறது. 2024 மே மாதத்தில் இருந்து ஊர்க்கார அண்ணா ஒருவருடைய கடையில் கிழமைக்கு மூன்று நாள், நாளுக்கு ஐந்து மணித்தியாலம் நிற்கிறேன். கையில் காசு, கிழமைக்கு 120 பவுண். அந்த உதவியைக் கவனிக்கிற ஜொப் சென்டரில் சொல்லவில்லை. "ஏதும் மாற்றம் உண்டா?" என்று கேட்கும்போதெல்லாம் "இல்லை" என்றுதான் சொன்னேன். போன மாதம் மச்சாளோடு நகை விஷயத்தில் சண்டை வந்தது. "ஒரு கோல் போட்டால் உன்ர சோசல் நிக்கும்" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து நித்திரை இல்லை. எடுத்த காசு முழுவதையும் திருப்பிக் கேட்பார்களா? ஜெயிலா? பிள்ளைகளைப் பறிப்பார்களா? சத்தமில்லாமல் வேலையை விட்டுவிட்டால் போதாதா? சிட்டிசன்ஷிப்புக்குப் போட இருந்தேன். கடைக்கார அண்ணா கஷ்டத்தில் கைகொடுத்தவர், அவரை மாட்டிவிடவும் மனமில்லை.

பெயர் வேண்டாம், ஈஸ்ட்ஹாம்

பதில்:

தங்கச்சி, பிள்ளைகள் படுத்த பிறகு ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு இருங்கள். முதலில் கணக்குப் பார்ப்போம். உங்கள் பயத்தில் பாதி, கணக்குத் தெரியாததால் வந்த பயம்.

"வேலை செய்தால் சோசல், அதாவது அரசாங்க உதவிக் காசு, நிற்கும்" என்பது எங்கள் ஆட்கள் இருபது வருடமாகக் காவிக்கொண்டு திரியும் கதை. யூனிவேர்சல் கிரெடிட்டில் அப்படி இல்லை. பிள்ளைகள் இருக்கிற, வாடகைக்கும் உதவி எடுக்கிற ஒருவர் மாதம் ஒரு குறிப்பிட்ட தொகை வரை உழைக்கலாம். அதுவரைக்கும் ஒரு பென்ஸ்கூட வெட்டமாட்டார்கள். 2024 ஏப்ரலில் இருந்து அந்தத் தொகை 404 பவுண், 2025 ஏப்ரலில் இருந்து 411. அதற்கு மேல் வருகிற ஒவ்வொரு பவுணுக்கும் 55 பென்ஸ் குறைப்பார்கள். அவ்வளவுதான்.

இப்போது எழுதுங்கள். கிழமைக்கு 120 என்றால் மாதத்துக்குச் சராசரி 520. அதில் 404 போனால் மிச்சம் 116. அதன் 55 வீதம் 64 பவுணுக்குக் கொஞ்சம் குறைவு. 2025 ஏப்ரலுக்குப் பிறகு பார்த்தால் 60. ஆக, மாதாமாதம் உங்களுக்குக் கூடுதலாக வந்தது 60, 64 பவுண். ஒன்றரை வருடத்துக்கும் கூட்டினால் ஆயிரத்து நூறு சொச்சம். ஐந்து சம்பளம் விழுந்த மாதங்களில் கொஞ்சம் கூடும், நாலு விழுந்த மாதங்களில் குறையும். சரியான தொகையை அவர்கள்தான் சொல்லவேண்டும், ஆனால் கணக்கு இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் நிற்கும். "எடுத்த காசு முழுவதும்" என்று நீங்கள் நினைத்து நடுங்குகிற பத்தாயிரக்கணக்கான பவுண் இதில் எங்கேயும் இல்லை. உழைப்பைச் சொல்லியிருந்தால் எவ்வளவு குறைந்திருக்குமோ, அந்த வித்தியாசத்தைத்தான் திருப்பிக் கேட்பார்கள்.

கொப்பியை மூடாதீர்கள், அடுத்த பக்கம் கடைக்கார அண்ணாவுடையது.

ஐந்து மணித்தியாலப்படி மூன்று நாள், 15 மணித்தியாலம். 120ஐ 15ஆல் பிரித்தால் மணித்தியாலத்துக்கு 8 பவுண். நீங்கள் வேலை தொடங்கியபோது 21 வயதுக்கு மேற்பட்டவருக்குச் சட்டப்படி கொடுக்கவேண்டிய குறைந்தபட்சச் சம்பளம் 11.44. 2025 ஏப்ரலில் அது 12.21 ஆனது. கிழமைக்கு முதலில் 51 பவுண் 60 பென்ஸ், பிறகு 63 பவுண் 15 பென்ஸ் அவருடைய கல்லாப்பெட்டியிலேயே நின்றிருக்கிறது. ஒன்றரை வருடத்துக்கு நாலாயிரம் பவுணுக்கு மேல். சம்பளத்தோடு வரவேண்டிய விடுமுறைக் காசு, வருடத்துக்கு 5.6 கிழமை, அதை நான் இன்னும் கூட்டவே இல்லை.

இனித்தான் எனக்கே எரிச்சல் வந்த இடம். சட்டப்படி 12.21க்குப் பதிந்து வேலை செய்திருந்தால் மாதச் சம்பளம் 793 பவுண் சொச்சம். இந்த அளவுக்கு வருமான வரியும் இல்லை, நேஷனல் இன்சூரன்ஸும் உங்களிடம் வெட்டமாட்டார்கள். அதில் 411 போக மிச்சத்துக்கு 55 வீதம் யூனிவேர்சல் கிரெடிட்டில் குறைத்தாலும், வீட்டுக்கு மேலதிகமாக வந்திருக்கக்கூடியது 583 பவுண். ஒளித்துச் செய்ததில் வந்தது 520. நித்திரையைத் தொலைத்து, ஜொப் சென்டரில் பொய் சொல்லி, மச்சாளுக்குப் பயந்து, கடைசியில் மாதம் 63 பவுண் குறைவாக உழைத்திருக்கிறீர்கள். இந்த ஒளிப்பில் லாபம் பார்த்தவர் ஒருவர்தான், அது நீங்கள் இல்லை.

அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. கணவர் போன கையோடு பால்மாவும் பாணும் கடனுக்குக் கொடுத்திருப்பார், பிள்ளைக்குச் சுகமில்லாத நாளில் நேரத்தோடு வீட்டுக்கு அனுப்பியிருப்பார். அந்த நன்றி உங்களுக்கு இருக்கட்டும். ஆனால் விஷயம் வெளியே வந்தால் பெரும்பாலும் அவர் சொல்லப்போகிற வசனம் எனக்கு மனப்பாடம்: "சும்மா உதவிக்கு வந்து நிண்டவ எண்டு சொல்லுங்கோ, தங்கச்சி." அதற்கு மட்டும் ஓம்படாதீர்கள். பழைய பிழையைச் சொல்லப்போன இடத்தில் புதுப் பொய் சொன்னால், பிறகு நீங்கள் சொல்கிற எதையும் நம்பமாட்டார்கள். எங்கே வேலை செய்தீர்கள் என்று கட்டாயம் கேட்பார்கள், கடையின் பெயரைச் சொல்லத்தான் வேண்டிவரும். முறையாகப் பதிந்து பே சிலிப்போடு சம்பளம் தரச் சொல்லி அவரிடம் கேளுங்கள். தந்தால் தொடருங்கள், இல்லாவிட்டால் வேறு கடை பாருங்கள். 15 மணித்தியால வேலைக்கு லண்டனில் அவ்வளவு பஞ்சமில்லை. குறைத்துத் தந்த சம்பளத்தைக் கேட்பதா விடுவதா என்பது வேறு விஷயம். அதற்கு ஏகாஸ் என்ற அமைப்பு இலவசமாக ஆலோசனை சொல்லும். இப்போதே ஓடவேண்டாம், முதலில் உங்கள் பக்கத்தை நேராக்குங்கள்.

சத்தமில்லாமல் விடுவதைப் பற்றிக் கேட்டீர்கள். போதாது. இன்றைக்கு வேலையை விட்டாலும் 2024 மேயில் தொடங்கியது அப்படியேதான் கிடக்கும். மச்சாள் கோல் போடலாம், போடாமலும் விடலாம். அவள் இல்லாவிட்டால் பக்கத்துக் கடைக்காரன், இல்லாவிட்டால் அந்தக் கடையில் நடக்கிற வேறு ஏதாவது சோதனை. அவர்கள் கேட்டபிறகு ஒத்துக்கொள்வதும் கேட்கமுதல் நீங்களாகப் போய்ச் சொல்வதும் ஒன்றல்ல. வழக்குப் போடுவதா இல்லையா என்று யோசிக்கும்போது இந்த வித்தியாசத்தையும் கணக்கில் எடுப்பார்கள்.

சொல்லிவிட்டால் வழக்கே வராது என்று எழுதி உங்களை ஏமாற்ற எனக்கு விருப்பமில்லை. 1992ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகச் சட்டத்தில், தெரிந்துகொண்டே ஏமாற்றினால் ஏழு வருடம் வரை சிறை என்று இருக்கிறது. அது லட்சக்கணக்கில் சுருட்டியவனுக்கும் சேர்த்து வைத்த உச்சம். கீழே வேறு படிகள் உண்டு. வெறும் கவனக்குறைவு என்று எடுத்தால் 50 பவுண் தண்டம். வழக்குக்குப் பதிலாக 'அட்மினிஸ்ட்ரேடிவ் பெனால்ட்டி' என்று ஒன்று தரலாம்: கூடுதலாக வந்த தொகையில் பாதி, ஆகக் குறைந்தது 350, ஆகக் கூடியது 5,000. உங்கள் கணக்குக்கு ஐந்நூறு, அறுநூறு பவுணுக்குள் வரும். அதோடு நாலு கிழமைக்குக் கொடுப்பனவைக் குறைப்பதும் உண்டு. இதை ஏற்பதா மறுப்பதா என்பது உங்கள் கையில். கையெழுத்து வைத்தாலும் மனம் மாற 14 நாள் தருவார்கள். திருப்பிக் கட்டவேண்டிய காசை மாதாமாதம் கொஞ்சமாகக் கழிப்பார்கள், கழிவு தாங்கமுடியாவிட்டால் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம்.

பிள்ளைகள் விஷயம்: கையில் காசுக்கு வேலை செய்ததற்காக ஒருவருடைய பிள்ளைகளையும் பறிப்பதில்லை. இதை யார் உங்களுக்குச் சொன்னார்களோ, அவரோடு கொஞ்ச நாளைக்குக் கதைக்காமல் விட்டாலும் நட்டமில்லை.

இனிச் செய்யவேண்டியது. இந்தக் கிழமைக்குள் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை அமைப்புக்கோ, லோ சென்டர் என்கிற ஒரு சட்ட உதவி மையத்துக்கோ போங்கள். காசு கேட்கமாட்டார்கள். நீங்கள் சொல்வதை ஜொப் சென்டருக்குக் கொண்டுபோய்ச் சொல்லவும் மாட்டார்கள். அந்தக் கொப்பியையும் கொண்டுபோங்கள். அப்புறம் யூனிவேர்சல் கிரெடிட் கணக்கைத் திறந்து, மாற்றம் அறிவிக்கிற பகுதியில் வேலையைப் பதியுங்கள், அதே கணக்கில் செய்தி எழுதுகிற ஜேர்னல் பகுதியிலும் எழுதுங்கள். எந்தத் திகதி தொடங்கியது, எந்தக் கடை, கிழமைக்கு எத்தனை மணித்தியாலம், எவ்வளவு காசு, அது கையில் தந்தது, முன்பே சொல்லாமல் விட்டது என் பிழை. இந்த ஆறு விஷயம் போதும். கணவர் விட்டுப்போனது, மாமியார் சொன்னது எல்லாம் ஜேர்னலில் வேண்டாம். எங்கள் ஆட்கள் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினால் தாத்தா காலத்தில் இருந்து தொடங்குவோம். அனுப்பியதும் திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரியான திகதி தெரியாவிட்டால் "மே நடுப்பகுதி" என்றே எழுதுங்கள். தெரியாததைத் தெரிந்ததுபோல எழுதி, பிறகு வங்கிக் கணக்கோடு முட்டினால் அதுவும் பொய்யாகிவிடும். ஒன்றரை வருடத்தை ஆறு மாதமாகக் குறைத்துச் சொல்லலாமா என்று மனம் ஒரு கட்டத்தில் கேட்கும். எல்லோருக்கும் கேட்கும். கேட்காதமாதிரி இருந்துவிடுங்கள்.

இதற்கிடையில் 'இன்டர்வியூ அண்டர் கோஷன்' என்று கடிதம் வந்தால் தனியாகப் போகாதீர்கள். அது ஜொப் சென்டரில் உங்களைக் கவனிக்கிற வேர்க் கோச்சோடு கதைக்கிற மாதிரி இல்லை. குற்ற விசாரணை அது. ஒலிப்பதிவு செய்வார்கள், நீங்கள் சொல்வது நீதிமன்றம் வரை போகலாம். முதலில் சொலிசிட்டரை, அதாவது வக்கீலைப் பாருங்கள், லீகல் எய்ட் என்ற அரசாங்கச் சட்ட உதவி கிடைக்குமா என்று அவரிடமே கேளுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். மூத்த பிள்ளையை அந்த அறைக்குள் மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போகவே கூடாது.

நான் அப்படி ஒரு அறையில் மொழிபெயர்ப்பாளராக இருந்திருக்கிறேன். மேசையில் ஒலிப்பதிவுக் கருவி, பக்கத்தில் மஞ்சள் கோடு இழுத்த வங்கிக் கணக்குத் தாள். அதிகாரி ஒவ்வொரு வரியாக வாசித்தார், நான் தமிழில் சொன்னேன், எதிரே இருந்த அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி "ஓம்… ஓம்…" என்றார். அவர் வாயில் வந்ததைச் சொல்வதுதான் என் வேலை. "யெஸ்", "யெஸ்" என்றேன். மூன்றாவதோ நாலாவதோ வரியில் அந்தத் தாளில் இருந்த காசு தன்னுடையதே இல்லை என்று அவர் சொன்னபோது அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "இப்போதுதானே யெஸ் என்றீர்கள்?" அந்த அம்மா என்னைப் பார்த்தார். "பிள்ளை, நீங்கள் சொல்றது கேக்குது எண்டுதான் ஓம் எண்டனான்." அதைத் திருத்தி விளங்கப்படுத்தி முடிய அரைமணித்தியாலம் போனது. அதனால் முழு வசனமாகப் பதில் சொல்லுங்கள். விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல்லுங்கள். தலையாட்டல் ஒலிப்பதிவில் விழாது, ஓம் விழும்.

கவுன்சில் டாக்ஸ் குறைப்பு எடுக்கிறீர்கள் என்றால் நியூஹாம் கவுன்சிலுக்குத் தனியாக அறிவிக்கவேண்டும், ஜொப் சென்டருக்குச் சொன்னால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். சிட்டிசன்ஷிப் விண்ணப்பத்தைக் கொஞ்சம் பொறுத்துப் போடுங்கள். அதில் நன்னடத்தை பார்ப்பார்கள். இந்த விஷயம் பாதியில் நிற்கும்போது அந்தப் படிவத்தை நிரப்பினால் எதை எப்படி எழுதுவது என்று இன்னொரு தலையிடி. முடிவு வந்தபிறகு, பதிவுபெற்ற குடிவரவு ஆலோசகரிடம் காட்டிவிட்டுப் போடலாம்.

ஒன்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் ஈஸ்ட்ஹாமில் இருக்கிற தமிழ்ப் பெண் என்பதால் கேட்கிறேன்: சீட்டுக் கட்டுகிறீர்களா? யூனிவேர்சல் கிரெடிட்டில் சேமிப்பு 6,000 பவுணைத் தாண்டினால் கொடுப்பனவு குறையத் தொடங்கும், 16,000ஐத் தாண்டினால் நின்றுவிடும். சீட்டு எடுத்துக் கணக்கில் போட்ட காசும் சேமிப்புத்தான். கட்டுகிறீர்கள் என்றால் இதுவரை எத்தனை மாதம், மாதம் எவ்வளவு, எடுத்தாயிற்றா இல்லையா என்று அதையும் கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள்.