பழைய பேண்ட்சாவை வீட்டுப் பட்டறைக்குக் கொண்டுவருவது: கேள்வி பதில்

கேள்வி: மூடிக்கிடக்கும் ஒரு பட்டறையில் 18 இன்ச் வார்ப்பிரும்பு பேண்ட்சா, பழைய இரும்பு விலைக்கே தருகிறார்கள். மேலெல்லாம் துரு. வாங்கலாமா அண்ணா?

துருவை விடுங்கள் தம்பி, விரிசலைத் தேடுங்கள். பேண்ட்சா என்பது மேலும் கீழும் இருக்கும் இரண்டு வீல்களில் வளையமாக ஓடும் பட்டை பிளேடால் மரம் அறுக்கும் மெஷின். வீலின் ஆரங்கள் நடுக்குடத்தோடு சேரும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டிவிட்டு மண்ணெண்ணெய் தடவுங்கள். பத்து நிமிடம் கழித்து நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸால் தேயுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் வெள்ளையின் மேல் மயிரிழைக் கோடாகக் கசியும். வீலில் அந்தக் கோட்டைப் பார்த்தால் பேரத்தை அங்கேயே விட்டுவிடுங்கள். வெல்டிங் வைத்தால் போதும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். சுற்றுகிற வார்ப்பு வீல் உடைந்தால் பக்கத்தில் நிற்பவருக்குத்தான் ஆபத்து. மேசையில் சின்ன உடைசல், மூடி இல்லாதது, கைப்பிடி தொலைந்தது எல்லாம் சரிசெய்யக்கூடியவை.

கேள்வி: மேசைத் துரு எப்படிப் போகும்? உதிரி பாகங்களை ஆசிட்டில் போடலாமா?

ஆசிட் வேண்டவே வேண்டாம். மேசைக்கு மண்ணெண்ணெயும் எமரி தாளும் போதும். சின்ன பாகங்களுக்கு பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா, ஒரு 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். துருப்பிடித்த பாகத்துக்கு நெகட்டிவ், வேண்டாத இரும்புத் தகட்டுக்கு பாசிட்டிவ். அந்தத் தகடு எவர்சில்வராக இருக்கக் கூடாது, அதிலிருந்து நச்சான குரோமியம் தண்ணீரில் இறங்கும். அலுமினிய பாகங்களையும் இதில் போடாதீர்கள், சோடா அரித்துவிடும். ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் திறந்த வெளியில் வையுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது. எடுத்ததும் கழுவி, உலர்த்தி, உடனே எண்ணெய் பூசுங்கள். விட்டுவைத்தால் சாயங்காலத்துக்குள் மறுபடி துரு ஏறிவிடும்.

கேள்வி: எங்கள் வீட்டில் சிங்கிள் ஃபேஸ்தான். மெஷினில் த்ரீ ஃபேஸ் மோட்டார். வேகத்தையும் எப்படி முடிவு செய்வது?

மோட்டாரின் பெயர்ப்பலகையில் 230/400 என்று இரண்டு வோல்டேஜ் போட்டிருந்தால், டெல்டா இணைப்புக்கு (மோட்டார் சுருள்களை முக்கோணமாக இணைப்பது) மாற்றி, சிங்கிள் ஃபேஸ் வாங்கி த்ரீ ஃபேஸ் தரும் விஎஃப்டி என்ற மின்னணுக் கருவி வைத்து ஓட்டலாம். ஒரே ஒரு 415 மட்டும் இருந்தால் சிங்கிள் ஃபேஸ் மோட்டார் மாற்றுவதே சுலபம்.

மரத்துக்கு பிளேடு நிமிடத்துக்கு 3000 அடி அளவில் ஓடினால் நல்லது. 18 இன்ச் வீலின் சுற்றளவு சுமார் 4.7 அடி. அப்படியானால் வீல் நிமிடத்துக்கு 640 சுற்று சுற்ற வேண்டும். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நாலு போல் (நான்கு காந்த முனை) மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 1440 சுற்று ஓடும். மோட்டாரில் 4 இன்ச் புல்லி, வீல் தண்டில் 9 இன்ச் புல்லி போட்டால் கணக்கு சரியாக வரும். அமெரிக்காவிலிருந்து வந்த மெஷின் என்றால் புல்லியைக் கட்டாயம் பாருங்கள், அங்கே 60 ஹெர்ட்ஸ், புல்லி அந்த வேகத்துக்கு ஏற்ற அளவில் இருக்கும்.

கேள்வி: பேரிங் எந்த நம்பர் வாங்க வேண்டும்?

பழையதிலேயே பொறித்திருக்கும். 6204 என்றால் உள்துளை 20 மி.மீ., 6205 என்றால் 25. நம்பருக்குப் பின்னால் 2ஆர்எஸ் (இரு பக்கமும் ரப்பர் சீல்) என்று கேட்டு வாங்குங்கள். மரத்தூள் பறக்கிற இடத்தில் ரப்பர் சீல்தான் நிற்கும்.

கேள்வி: பிளேடு ஓடும்போது முன்னும் பின்னும் அலைகிறது. வீல் ரப்பர் ஆங்காங்கே பெயர்ந்திருக்கிறது. அந்த இடத்தை மட்டும் ஒட்டினால் போதுமா?

போதாது. என்னைக் கேட்டால், கையில் இருக்கிற காசை முதலில் ரப்பரில் போடுங்கள், பெயின்ட் அப்புறம். இந்த வகை மெஷினில் ரப்பரின் நடுப்பகுதி ஓரங்களைவிட ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக மேடாக இருக்கும். ஓடுகிற பட்டை எப்போதும் அந்த மேட்டைத் தேடி ஏறும், அதனால்தான் நடுவில் நிற்கிறது. தேய்ந்து குழியான ரப்பரில் ஏற மேடே கிடையாது. பிறகு எவ்வளவு திருகினாலும் பிளேடு அலையும்.

பழைய ரப்பரை முழுக்க உரித்து, காய்ந்த பசையை இரும்பு தெரியும்வரை சுரண்டி, தின்னரால் துடையுங்கள். வளையமாக வரும் புது ரப்பர் (டயர்) வீலைவிடக் கொஞ்சம் சிறியதாக இருக்கும், இழுத்து மாட்ட வேண்டும். மாட்டியதும் ரப்பருக்கும் வீலுக்கும் நடுவே வழவழப்பான உருளைக் கம்பி ஒன்றை நுழைத்து வீலைச் சுற்றி உருட்டுங்கள். இழுவை எல்லாப் பக்கமும் சமமாகும். இதைச் செய்யாமல் பசை போட்டால் ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் மெலிவு. பசை முழுதாகக் காய்ந்த பிறகு, மரக்கட்டையில் உப்புத்தாள் சுற்றி, வீலைக் கையால் சுழற்றிக்கொண்டே இரு ஓரங்களையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து நடுமேட்டைக் கொண்டுவாருங்கள். பொறுமைக்குப் பலன் கிடைக்கிற இடம் இதுதான்.

கடைசியாக, மேல் வீலைச் சும்மா சுழற்றி விட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இடம் கீழே வந்து நின்றால் அந்தப் பக்கம் கனம்.

கேள்வி: பிளேடின் இரு முனைகளையும் சேர்த்து வளையமாக்கிய ஒட்டிலேயே அறுந்துபோகிறது.

பேண்ட்சாவின் ஆதிகாலத்துப் பிரச்சினையே அதுதான். வில்லியம் நியூபெரி 1809-இல் இங்கிலாந்தில் காப்புரிமை எடுத்தும், ஒட்டு நிற்காததால் மெஷின் பெரிதாகப் புழக்கத்துக்கு வரவில்லை. 1846-இல் பிரான்சின் ஆன் பாலின் கிரெப்பான் ஒட்டும் முறையைக் கண்டுபிடித்த பிறகுதான் வழி பிறந்தது. ஒட்டின் இரு பக்கமும் பிளேடின் கனத்துக்கே அரைத்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். வெல்டிங்குக்குப் பிறகு பக்குவமாகச் சூடேற்றி இளக்காத ஒட்டு, மடக்கினாலே முறியும். வேலை முடிந்ததும் டென்ஷனைத் தளர்த்துங்கள், ஸ்பிரிங்கும் ரப்பரும் சேர்ந்து பிழைக்கும்.

கேள்வி: வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது. பழைய பெயின்ட்டைத் தேய்த்து எடுக்கலாமா?

பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள் சகோதரி. காய்ந்தபடி தேய்க்கவே கூடாது. ஈரப்படுத்திச் சுரண்டி, செதிலைச் சேர்த்துக் கட்டி அகற்றுங்கள். வேலை நடக்கும்போது குழந்தை அந்தப் பக்கம் வர வேண்டாம். இன்னொன்று: பழைய மெஷின்களில் வீல் திறந்தே இருக்கும். மேல் வீல், கீழ் வீல், மேசைக்கு வெளியே தெரியும் பிளேடு மூன்றுக்கும் ப்ளைவுட்டில் மூடி செய்து மாட்டிய பிறகே சுவிட்சைப் போடுங்கள்.

கேள்வி: லைசென்ஸ் ஏதாவது வேண்டுமா?

மர அறுவை ஆலைகளுக்கு வனத்துறை உரிமம் உண்டு, பேண்ட்சாவும் அந்த விதிகளில் வருகிறது. மெஷினை வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே மாவட்ட வன அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.