37-ல் தலைப்பிரசவம்: ஃபைலில் எதற்குச் சிவப்பு வட்டம்?

கேள்வி: எனக்கு 37 வயது. தலைப்பிரசவம், இது 11-வது வாரம். செக்கப்பில் ஃபைலில் என் வயதைச் சிவப்பு மையால் வட்டம் போட்டார்கள். ‘35-க்கு மேல் ஆபத்து இரட்டிப்பு’ என்று எங்கோ படித்ததிலிருந்து தூக்கமே இல்லை. ‘அந்தக் காலத்தில் சின்ன வயதிலேயே பெற்று நன்றாகத்தானே இருந்தோம்’ என்கிறார் மாமியார்.

டாக்டர் பதில்: மாமியாரிடமிருந்தே தொடங்குகிறேன். நன்றாக இருந்தவர்கள்தானே இன்று சொல்ல இருக்கிறார்கள்! இருபதைத் தொடாத தாய்மார்களுக்கும் குறைமாதப் பிரசவம், குழந்தையின் எடைக்குறைவு, தாய்க்குப் பேறுகால வலிப்பு எல்லாம் அதிகம்தான். உலக அளவில் 2000-ல் ஆயிரம் பிரசவத்துக்குச் சுமார் 21 குழந்தைகள் இறந்து பிறந்தன, 2021-ல் 14. இத்தனைக்கும் பல நாடுகளில் தாயாகும் வயது இதே காலத்தில் ஏறிக்கொண்டேதான் இருந்தது. குறைமாதப் பிரசவம் மட்டும் பிடிவாதமாகப் பத்தில் ஒன்று என்றே நிற்கிறது.

சரி, அந்த 35 எங்கிருந்து வந்தது? பனிக்குட நீரை ஊசியால் எடுத்துச் சோதித்தால் கரு கலைய எவ்வளவு வாய்ப்போ, குழந்தைக்கு டவுன் குறைபாடு (பிறவியிலேயே வரும் குரோமோசோம் கோளாறு) இருக்கவும் ஏறக்குறைய அவ்வளவு வாய்ப்பு என்று 1970-களில் கணக்கிட்ட வயது அது. 34-ல் பத்திரம், 35-ல் பள்ளம் என்றெல்லாம் இல்லை. உங்கள் வயதில் டவுன் வாய்ப்பு இருநூற்றுச் சொச்சத்தில் ஒன்று. 40-ல் நூறில் ஒன்று. ‘இரட்டிப்பு’ என்றால் எதன் இரட்டிப்பு என்று கேளுங்கள். ஆயிரத்தில் மூன்று ஆறானாலும் இரட்டிப்புதான், முந்நூறு அறுநூறானாலும் இரட்டிப்புதான்.

வட்டம் போடுகிற ஆள்தான் நானும். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் வயதோடு கூடுவதால், அவற்றை மறக்காமல் பார்க்க எனக்கு நானே வைத்துக்கொள்ளும் குறி அது.

உங்களுக்கு நல்ல நேரம் இதுதான். டவுன் வாய்ப்பைக் கணிக்க 11 முதல் 13 வாரம் முடிவதற்குள் எடுக்கும் ஸ்கேனையும் அதோடு சேர்ந்த ரத்தப் பரிசோதனையையும் தள்ளிப்போடாதீர்கள். கர்ப்பகால ரத்த அழுத்தக் கோளாறைத் தடுக்கக் குறைந்த அளவு ஆஸ்பிரின் உங்களுக்குத் தேவையா என்பதையும் அப்போதே கேளுங்கள். 16 வாரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். நீங்களாகக் கடையில் வாங்கிப் போடாதீர்கள். கடைசி மாதங்களில் அசைவு குறைந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள், ‘நாளைக்குப் பார்ப்போம்’ வேண்டாம்.

அப்புறம், கணவர் வயதை எழுதவில்லையே? நாற்பதைத் தாண்டிய தந்தை என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கு யாரும் வட்டம் போடுவதில்லை.