பாலை நிலத்தில் பன்னிரண்டு நாள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவின் தென்மேற்கில், அரிசோனா மாநிலத்துப் பாலை நிலத்தில் என் கணவரும் நானும் ஓர் அக்டோபர் மாதத்தில் காரில் சென்றுவந்ததைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். ஃபீனிக்ஸில் உள்ள மகள் வீட்டிலிருந்து புறப்பட்டு, ஃபிளாக்ஸ்டாஃப், கிராண்ட் கேன்யன், பேஜ், மான்யுமென்ட் வேலி, கேன்யன் டி ஷே ஆகிய இடங்களில் தங்கி, பன்னிரண்டாம் நாள் மாலை ஃபீனிக்ஸ் திரும்பினோம். மொத்தம் சுமார் 1,500 கிலோமீட்டர். அப்போது அவருக்கு வயது 69, எனக்கு 64. பணி ஓய்வு பெற்ற பலர் இதே எண்ணத்தோடு கடிதம் எழுதியிருக்கிறார்கள். அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

லாஸ் வேகாஸில் இறங்கி, ஏழு நாளில் டெத் வேலி, ஸயான், பிரைஸ், மான்யுமென்ட் வேலி, கிராண்ட் கேன்யன் அனைத்தையும் பார்த்துவிடத் திட்டமிட்டிருக்கிறோம். எனக்கு 67, மனைவிக்கு 62. சரியாக வருமா?
— வாசகர், திருநெல்வேலி

ஐயா, தயவுசெய்து இந்தப் பட்டியலில் பாதியை அடித்துவிடுங்கள். வரைபடத்தில் விரற்கடை தூரமாகத் தெரிவது அங்கே அரை நாள் பயணம். லாஸ் வேகாஸிலிருந்து கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் தெற்கு விளிம்புக்கு மட்டும் ஏறத்தாழ 450 கிலோமீட்டர். உங்கள் திட்டப்படி போனால் காரின் முன்கண்ணாடியைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். மலையையும் பள்ளத்தாக்கையும் அல்ல.

நாங்கள் இரண்டு விதிகளை வைத்துக்கொண்டோம். ஒரு நாளில் 250 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுவதில்லை. எந்த ஊரிலும் இரண்டு இரவுக்குக் குறைவாகத் தங்குவதில்லை. கடைசி நாள் ஒன்றைத் தவிர இவற்றை மீறவில்லை. பாலை நிலத்தின் பாறைகள் ஒரே நாளில் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். நண்பகலில் வெளுத்துத் தட்டையாகத் தெரியும் பாறை, மாலை ஐந்து மணிக்குச் செங்கல் நிறமாகி, கதிரவன் மறைவதற்குச் சற்று முன் உள்ளிருந்து கனல்வதுபோல் ஆகிவிடும். நண்பகலில் வந்து நண்பகலிலேயே கிளம்புகிறவர்களுக்கு அது கிடைக்காது. வேலையில் இருப்பவர்களுக்கு விடுமுறைதான் குறைவு. நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. உங்களிடம் ஏழு நாள்தான் இருக்கிறது என்றால், ஸயானையும் கிராண்ட் கேன்யனையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் பூங்காவுக்குள் இலவசப் பேருந்து ஓடுகிறது; அந்த நேரத்தில் காரை நிறுத்திவிட்டு ஓட்டுபவரும் வேடிக்கை பார்க்கலாம்.

எந்த மாதத்தில் போகலாம்? மே மாத வெயில் நமக்குப் பழகியதுதானே?
— வாசகி, வேலூர்

மார்ச் முதல் மே முதல் வாரம் வரை, அல்லது செப்டம்பர் இறுதி முதல் நவம்பர் நடுப்பகுதி வரை. வேலூர் வெயிலைத் தாங்கியவர்கள் என்ற துணிவில் ஜூலையில் போய்விடாதீர்கள். 2023ஆம் ஆண்டு ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் வெப்பம் 43 பாகை செல்சியசுக்குக் குறையவில்லை. நம் ஊரில் வியர்வை கொட்டும். உடம்பில் நீர் குறைவது நமக்கே தெரியும். அங்கே காற்று அவ்வளவு வறட்சியானது. வியர்வை தோன்றிய கணமே ஆவியாகிவிடுவதால், தாகம் எடுப்பதற்குள் தலைசுற்றல் வந்துவிடுகிறது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் தண்ணீர் என்று கணக்கிட்டு, அதற்கு மேல் காரில் எப்போதும் கூடுதலாக வைத்திருங்கள்.

இதற்கு நேர்மாறான செய்தியும் உண்டு. கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பு சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், கிட்டத்தட்ட நம் ஊட்டி அளவு உயரத்தில் இருக்கிறது. அக்டோபர் விடியற்காலையில் பூஜ்யத்தை ஒட்டிய குளிர். முதல் நாள் என் கணவருக்குப் படியேறும்போது மூச்சு வாங்கியது. அதே உயரத்தில் இருக்கும் ஃபிளாக்ஸ்டாஃபில் இரண்டு இரவு தங்கியது அந்த வகையில் நல்லதாகப் போயிற்று. இதய நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இந்த உயரத்தைப் பற்றி மருத்துவரிடம் கட்டாயம் சொல்லிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கிராண்ட் கேன்யனில் விஷ்ணுவின் பெயரில் ஒரு பாறை இருப்பதாகச் சொல்கிறார்களே, உண்மையா?
— வாசகர், ஸ்ரீரங்கம்

உண்மைதான், ஐயா. ஒரு பாறை அல்ல, பல. 1880களில் அந்தப் பள்ளத்தாக்கை ஆராய்ந்த கிளாரன்ஸ் டட்டன் என்ற நிலவியலறிஞர், உள்ளே அடுக்கடுக்காக எழுந்து நிற்கும் மலைமுகடுகளைக் கண்டு, அவை கீழைநாட்டுக் கோயில்களை நினைவூட்டுவதாக உணர்ந்து, ஒன்றுக்கு விஷ்ணு கோயில் என்றும் மற்றொன்றுக்குச் சிவன் கோயில் என்றும் பெயரிட்டார். பின்னர் பள்ளத்தாக்கின் அடியில், கொலராடோ ஆற்றை ஒட்டிக் கறுத்துக் கிடக்கும் மிகப் பழைய பாறைக்கும் விஷ்ணுவின் பெயரே நிலைத்துவிட்டது. அதன் வயது சுமார் 170 கோடி ஆண்டுகளுக்கு மேல். நீங்கள் நிற்கும் விளிம்பின் மேற்பாறையோ ஏறத்தாழ 27 கோடி ஆண்டுகள் பழையது. மேலிருந்து அடிவரை சுமார் 1,600 மீட்டர் ஆழம். கண்ணை ஒருமுறை தாழ்த்தினால் நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிடுகிறது.

எண்ணாகச் சொன்னால் இது மனத்தில் பதியாது, எனக்கும் பதியவில்லை. பதிய வைத்தது அங்கே யாவபாய் நிலவியல் காட்சியகத்தின் வாசலில் தொடங்கும் காலப் பாதை. சமதளமாகத் தளம் போட்ட நடைபாதை அது. சக்கர நாற்காலியும் போகும். ஒவ்வொரு மீட்டருக்கும் தரையில் ஒரு வெண்கலக் குறி. ஒரு மீட்டர் என்றால் பத்து லட்சம் ஆண்டு. வழிநெடுக, பள்ளத்தாக்கின் ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் எடுத்த பாறைகளைத் தொட்டுப் பார்க்கும்படி பீடத்தில் வைத்திருக்கிறார்கள். மனித வரலாறு என்று நாம் படித்ததெல்லாம் முதல் மீட்டரின் ஒரு விரலகலத்துக்குள் முடிந்துவிடுகிறது. விஷ்ணு பாறைக்குப் போய்ச் சேர ஒன்றே முக்கால் கிலோமீட்டர் நடக்க வேண்டியிருந்தது. கரிய, மினுங்கும், குளிர்ந்த கல். என் கணவர் அதன்மேல் உள்ளங்கையை வைத்தபடி நெடுநேரம் நின்றார். நானும் வைத்தேன்.

ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் தெய்வத்தின் பெயரை அங்கே கேட்டபோது எனக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. எனினும் அங்கே கோயிலும் இல்லை, வழிபாடும் இல்லை. அது வெளியிலிருந்து வந்த ஒருவர் இட்ட பெயர். அந்தப் பள்ளத்தாக்கோடு தொன்றுதொட்டு உறவுள்ள பழங்குடிகள் பதினொன்று. அவர்களுள் ஹவசுபாய் மக்கள் இன்றும் பள்ளத்தாக்கின் ஒரு கிளைக்குள் வாழ்கிறார்கள். அவர்கள் ஊருக்குக் கார்ச் சாலை கிடையாது, தபால் கோவேறு கழுதைமேல் போகிறது. பூங்காவுக்குள் அவர்கள் பயிரிட்டு வந்த ஒரு தோட்டத்திலிருந்து கடைசியாக இருந்தவர்களை 1928இல் வெளியேற்றிவிட்டார்கள். அந்த இடத்துக்கு ‘ஹவசுபாய் தோட்டம்’ என்ற பெயர் 2022இல்தான் கிடைத்தது. விளிம்பில் நின்று விஷ்ணு கோயிலைத் தேடும்போது அந்தப் பச்சைத் திட்டையும் தேடிப் பாருங்கள்.

அங்கே கார் ஓட்ட நம் உரிமம் போதுமா? வலப்பக்கம் ஓட்டுவது சிரமமாக இல்லையா?
— வாசகர், கோயம்புத்தூர்

நம் உரிமத்தோடு, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஓராண்டுக்குத் தரப்படும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் கொண்டு செல்லுங்கள். நேர்ச்சாலையில் வலப்பக்கம் ஓட்டுவது அரை நாளில் பழகிவிடும். தவறு நேருவது திருப்பங்களில். அதிலும் பெட்ரோல் பங்கிலிருந்து வெறிச்சோடிய சாலைக்கு வெளியே வரும்போது கை தானாக இடப்பக்கம் இழுக்கும். ஆகவே ஓட்டாதவர் ஒவ்வொரு திருப்பத்திலும் “வலம், வலம்” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு செய்துகொண்டோம். கடைசி நாள்வரை இதை விடவில்லை.

டேங்க் பாதிக்கு வந்ததும் நிரப்பிவிடுங்கள்; அடுத்த பங்க் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கலாம். கைபேசிக்குச் சிக்னல் கிடைக்காத நீண்ட பகுதிகள் உண்டு. அச்சிட்ட வரைபடம் ஒன்று கையில் இருக்கட்டும். இருட்டிய பின் ஓட்டவே வேண்டாம். நவஹோ பழங்குடி மக்களின் நிலத்தில் குதிரையும் மாடும் வேலியின்றிச் சாலையில் நிற்கும்.

வெள்ளத்தைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்கிறேன். பாலை நிலத்தில் வெள்ளமா என்று எண்ண வேண்டாம். அங்கும் ஜூன் நடுப்பகுதி முதல் செப்டம்பர் இறுதி வரை பருவமழைக் காலம் என்றே கணக்கு. இறுகிய தரை நீரை உறிஞ்சுவதில்லை. பெய்தது முழுவதும் ஓடைகளில் பாய்கிறது. 1997 ஆகஸ்ட் 12 அன்று பேஜ் நகரத்தை அடுத்த ஆன்டிலோப் கேன்யனின் குறுகிய பாறை இடுக்கில், பல கிலோமீட்டருக்கு அப்பால் பெய்த மழையின் வெள்ளம் புகுந்து 11 சுற்றுலாப் பயணிகளைக் கொன்றது. இப்போது நவஹோ வழிகாட்டி இல்லாமல் அதற்குள் யாரும் போக முடியாது. சாலையின் குறுக்கே தண்ணீர் ஓடினால், முழங்கால் ஆழம்தானே என்று இறங்காதீர்கள். தடுப்பைச் சுற்றிக்கொண்டு போய்ச் சிக்குபவரிடம் மீட்புச் செலவை வசூலிக்க அரிசோனாவில் சட்டமே இருக்கிறது.

சைவ உணவு, மருந்து, நுழைவுக் கட்டணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லுங்கள், அம்மா.
— வாசகி, தஞ்சாவூர்

சிற்றூர் உணவகங்களிலும் பீன்ஸ், சோறு, டார்ட்டியா என்ற ரொட்டி கிடைக்கும். பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இங்கிருந்து மின்சாரக் குக்கரைத் தூக்கிச் செல்ல வேண்டாம். அங்கே மின்னழுத்தம் 120 வோல்ட். நம் 230 வோல்ட் குக்கர் கால்பங்கு சூடுதான் தரும், அரிசி வேகாது. அங்கேயே சிறியதாக ஒன்று வாங்கிவிடுங்கள். எங்களுக்குப் பல இரவுகள் ரசஞ்சோறும் அப்பளமும்தான்.

மருந்துகளை அட்டைப் பெட்டியோடும் மருத்துவர் சீட்டோடும் கைப்பையில் வையுங்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது, ஏற்கெனவே உள்ள நோய்க்கு எந்த அளவுக்குப் பணம் தருவார்கள் என்ற பகுதியை வரி வரியாகப் படியுங்கள். தேசியப் பூங்காக்களில் 62 வயது நிறைந்தவர்களுக்கான 80 டாலர் வாழ்நாள் சீட்டு, குடியுரிமை அல்லது கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு மட்டுமே. வெளிநாட்டினருக்கான ஆண்டுச் சீட்டு 2026 முதல் 250 டாலர். மான்யுமென்ட் வேலி நவஹோ மக்களின் பூங்கா. அங்கே எந்தச் சீட்டும் செல்லாது, தனிக் கட்டணம்.

நவஹோ மக்களின் ஊர்களில் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? உங்களுக்குச் சிரமம் ஏதேனும் நேர்ந்ததா?
— வாசகர், புதுச்சேரி

சிரமம் ஒன்று நேர்ந்தது. அது எங்கள் கவனக்குறைவால். அரிசோனா மாநிலம் கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்துவதில்லை. பெரும்பகுதி அதற்குள்ளேயே இருக்கும், நவஹோ மக்கள் தாங்களே ஆளும் நவஹோ நாடு நகர்த்துகிறது. நவஹோ நாட்டுக்குள் இருக்கும் ஹோப்பி மக்களின் நிலம் நகர்த்துவதில்லை. கைபேசி எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். பேஜ் நகரத்து நேரத்திலேயே இருந்த கைக்கடிகாரத்தை நம்பி, கேன்யன் டி ஷேயில் ஜீப் பயணத்துக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். வழிகாட்டியாக வந்த நவஹோ அம்மையார் முகம் சுளிக்காமல் பிற்பகலில் அழைத்துப் போனார்.

அந்தப் பிற்பகலை நான் மறக்க மாட்டேன். இருபுறமும் செங்குத்தான செம்பாறை, அடியில் மணலாறு, அதன் கரையில் இன்றும் நவஹோ குடும்பங்களின் சோளக்கொல்லைகள். ஓரிடத்தில் ஜீப்பை நிறுத்தி, இலை பழுத்துக்கொண்டிருந்த ஒரு பீச் மரத்தைக் காட்டினார். 1864இல் கிட் கார்சன் தலைமையிலான அமெரிக்கப் படை இங்கிருந்த மக்களைப் பணிய வைப்பதற்காகக் கொல்லைகளை எரித்தது. அவ்வாண்டே ஆயிரக்கணக்கான பீச் மரங்களையும் வெட்டிச் சாய்த்தார்கள். எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை நியூ மெக்சிகோவின் கிழக்குப் பகுதியிலிருந்த ஒரு முகாமுக்குச் சுமார் 500 கிலோமீட்டர் நடத்தியே கொண்டுபோனார்கள். வழியிலும் முகாமிலும் மாண்டவர் பலர். 1868 ஜூன் மாதம் அமெரிக்க அரசோடு உடன்படிக்கை கையெழுத்தான பிறகு எஞ்சியவர்கள் தங்கள் நிலத்துக்கே திரும்பி வந்தார்கள். திரும்பி வந்தவர்களில் தன் பாட்டியின் பாட்டியும் ஒருவர் என்று அவர் சொன்னபோது, கீழே குனிந்து உதிர்ந்த இலை ஒன்றை எடுத்து ஓரமாக வைத்தார்.

ஆகவே நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான்: அது ஒருவரின் வீட்டு முற்றம் என்று நினைத்து நடந்துகொள்ளுங்கள். யாரையும், எந்த வீட்டையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். நவஹோ நாட்டில் மது கொண்டுசெல்வது சட்ட விரோதம். பானை ஓடோ கல்லோ எதையும் எடுத்து வராதீர்கள். தங்களை அவர்கள் டினே என்றே சொல்லிக்கொள்கிறார்கள். நாமும் அப்படியே சொல்லலாம்.

எனக்கு முழங்கால் வலி. அதிகம் நடக்காமல் பார்க்கக்கூடியது எது?
— வாசகி, சேலம்

டூசான் நகரத்துச் சவாரோ தேசியப் பூங்காவைச் சொல்வேன், சகோதரி. நாங்கள் மகளோடு தனியே ஒரு நாள் போய்வந்தோம். அதன் கிழக்குப் பகுதியில் 13 கிலோமீட்டர் தார்ச்சாலை ஒன்று கள்ளிக்காட்டை வளைத்துக்கொண்டு போகிறது. காரிலிருந்தே எல்லாம் தெரியும். சவாரோ என்பது பன்னிரண்டு மீட்டர் வரைகூட வளரும் கள்ளி. முதல் எட்டு ஆண்டில் அது ஒன்றரை அங்குலம்தான் வளர்கிறது. கிளை விடுவதற்கு 50 முதல் 75 ஆண்டு ஆகிறது. அருகே போய்ப் பார்த்தால் அதன் உடம்பு முழுவதும் புடவைக் கொசுவம் போன்ற மடிப்புகள். மழை பெய்ததும் வேர்கள் நீரை இழுக்க, மடிப்புகள் விரிந்து உடம்பு பருக்கிறது. கோடையில் அந்த நீரைச் செலவழிக்கச் செலவழிக்க மடிப்புகள் மீண்டும் இறுகுகின்றன. நாங்கள் போனபோது மழைக்காலம் முடிந்திருந்ததால் எல்லாம் விரிந்து, வயிறு நிறைந்தவைபோல் நின்றன.

மே, ஜூன் மாதங்களில் வெள்ளைப் பூ பூக்கும். ஜூன் கடைசியில் பழம் சிவக்கும். தொஹோனோ ஓதாம் மக்கள் காய்ந்த சவாரோவின் விலா எலும்பு போன்ற குச்சிகளை இணைத்து நீண்ட துறட்டி செய்து அந்தப் பழத்தைப் பறித்துப் பாகு காய்ச்சுகிறார்கள். அதிலிருந்து செய்யும் மதுவை மழையை அழைக்கும் சடங்கில் அருந்துகிறார்கள். அந்தக் காலத்தில் போவதானால், விடிந்ததும் போய்ப் பத்து மணிக்குள் அறைக்குத் திரும்பிவிடுங்கள்.