பழனியில் மூட்டுவலி அம்மாவும் மூவாயிரம் ரூபாய் மனிதரும்

ஒரு வாசகரின் கேள்வி: அம்மாவுக்கு 74 வயது, முழங்கால் வலி. பேரனுக்குப் பழனியில் மொட்டை போடுவதாக வேண்டுதல். 3,000 ரூபாய் கொடுத்தால் வரிசையில் நிற்காமல் ரோப் காரில் ஏற்றி, சாமி பார்க்க வைத்து இறக்கிவிடுகிறேன் என்கிறாராம் ஒருவர். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். நீங்களே கவுன்ட்டரில் வாங்கக்கூடிய சீட்டை வாங்கி உங்கள் கையில் திணித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் இறங்கும் குடும்பத்தைப் பிடிக்க ஓடிவிடுவார். மொட்டைக்கும் 2021 செப்டம்பரிலிருந்து கட்டணம் கிடையாது. அதற்கும் தனியாகக் கேட்பார், பாருங்கள். மலையைச் சுற்றியுள்ள கிரிவீதிக்குள் சொந்த வண்டி போகாது, கோவில் பேட்டரி கார் இலவசம். "உள்ளே கொண்டுபோய் விடுறேன்" என்பவரிடமும் ஏமாறாதீர்கள்.

படி அறுநூற்றுக்கும் மேல், அம்மாவுக்கு வேண்டாம். யானைப்பாதை சரிவுதானே என்பார்கள். அதுவும் முட்டிக்கு ஆகாது. மேற்கு கிரிவீதியில் வின்ச், அதாவது கம்பிவடத்தால் மலை மேலே இழுக்கும் ரயில், இருக்கிறது, 1966 முதல். தெற்கு கிரிவீதியில் 2004-இல் வந்த ரோப் கார், மூன்றே நிமிடம்.

ஆனால் ரோப் கார் தினமும் மதியம் 1.30 முதல் 2.30 வரை நிற்கும். மாதத்தில் ஒரு நாள் நிற்கும். வருடாந்திரப் பராமரிப்பு என்று ஒரு மாதத்துக்கு மேலும் நிற்கும். காற்று பலமாக அடித்தாலும் நிற்கும். ஒரு பாட்டி ஒன்றரை மணிக்கு இறங்க வந்து, வழி அடைத்திருக்க, காலை நீட்டித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டதைப் பார்த்திருக்கிறேன். இந்த நேரத்தைப் பஸ் ஸ்டாண்டிலேயே ஆள் உயர எழுத்தில் எழுதி வைத்தால் யாருக்கு என்ன குறைந்துவிடும்? சரி, வின்ச்சில் இறங்கலாமே என்றால், அது உங்களை மேற்கில் இறக்கிவிடும். செருப்போ தெற்கில் கிடக்கும். அதனால் காலையிலேயே ஏறி, ஒரு மணிக்குள் இறங்கிவிடுங்கள். தைப்பூசம், பங்குனி உத்திரத்தை ஒட்டிப் போகவே வேண்டாம்.

2023 அக்டோபரிலிருந்து போனை மேலே கொண்டுபோக முடியாது. கூட்டத்தில் பிரிந்தால் எங்கே காத்திருப்பது என்று அம்மாவிடம் ஏறும் முன்பே சொல்லிவையுங்கள்.

அன்றைக்குப் பார்த்து வலி கூடினால் வற்புறுத்தி ஏற்றாதீர்கள். மூன்றாம் படைவீடு என்பது அடிவாரத்தில் இருக்கும் திருஆவினன்குடிதான். முதலில் அங்கே கும்பிட்டுவிட்டு மலை ஏறுவதுதான் வழக்கமும். அம்மா அங்கே கும்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கட்டும், நீங்கள் பேரனோடு மேலே போய்விட்டு வாருங்கள்.