முதலில் நிற்கட்டும்

அன்புள்ள ஐயா,

நானும் இரண்டு நண்பர்களும் பணம் போட்டுப் எம்35ஏ2 என்ற பழைய அமெரிக்க இராணுவ லாரி ஒன்று வாங்கி, ஜோகூரில் ஒரு தோட்டத்துக் கொட்டகையில் நிறுத்தியிருக்கிறோம். சனி, ஞாயிறில் போய் வேலை பார்க்கிறோம். இஞ்சின் பிடித்துக்கொண்டது. துருவைச் சுரண்டிப் பிரைமர் அடிக்க ஆரம்பித்துவிட்டோம். இராணுவப் பச்சையில் 24087 என்ற எண் பெயிண்ட் அடிப்பதா, 34087 அடிப்பதா என்று எங்களுக்குள் சண்டை. பிரேக் கொஞ்சம் இறங்குகிறது. இரண்டு முறை மிதித்தால் பிடிக்கிறது. பிரேக் ஆயில் குறைந்திருந்தது, ஊற்றிவிட்டோம். தீபாவளிக்கு அக்கா பிள்ளைகளைப் பின்னால் ஏற்றித் தோட்டத்தைச் சுற்றிக் காட்ட ஆசை. இதைச் சிங்கப்பூரில் பதிவு செய்ய முடியுமா?

கே., ஈசூன்

அன்புள்ள கே.,

பச்சைக்கு மூன்று பேரும் சண்டை போடுகிறீர்கள். பிரேக்குக்கு ஒரு வரிதான். "இரண்டு முறை மிதித்தால் பிடிக்கிறது" என்று படித்ததும் மற்றதெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. பழைய லாரியை ஓடவைக்கக் காட்டும் அக்கறையை அதை நிறுத்துவதில் யாரும் காட்டுவதில்லை என்று எழுத நினைத்திருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

வாரம் முழுக்க உழைத்துவிட்டு, கிடைக்கும் இரண்டு நாளையும் காஸ்வே நெரிசலுக்கும் துருவுக்கும் கொடுக்கும் பிள்ளைகளை நினைத்தால் மனம் நிறைகிறது, தம்பி. கோபமும் அதனால்தான் வருகிறது. அந்த லாரி ஏறக்குறைய ஆறு டன். பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஒன்று. அதிலிருந்து ஆறு பிரேக் டிரம்முக்கும் ஆயில் போக ஒரே வழி. இன்றைய காரில் இருப்பதுபோல் இரண்டு தனி வழிகள் இல்லை. ஒரு ஹோஸ் வெடித்தால் ஆறும் போய்விடும், பெடல் தரையில் போய் உட்காரும். கைப்பிரேக் இருக்கிறதே என்பீர்கள். அது டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு, அதாவது இஞ்சின் விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டிக்கு, பின்னால் ஒரே ஒரு டிரம்மைப் பிடிக்கிறது. நின்ற லாரியை நகராமல் வைக்க அது போதும். இறக்கத்தில் உருளும் லாரியை நிறுத்தப் போதாது. பின்னால் பிள்ளைகளை ஏற்றவா நினைத்தீர்கள்?

சரி, எந்த பிரேக் ஆயிலை ஊற்றினீர்கள்? அதை எழுதவே இல்லை. இந்த லாரிகளில் முதலில் கிளைக்கால் (glycol) வகை ஆயில்தான் இருந்தது. போத்தலில் டாட் (DOT) 3, டாட் 4 என்று தர எண் போட்டிருப்பதெல்லாம் அந்த இனம். அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். கிடங்கில் ஆண்டுக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு அது ஆகாது என்று 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்க இராணுவம் சிலிக்கோனுக்கு, அதாவது டாட் 5-க்கு, மாறியது. இரண்டும் ஒன்றோடொன்று கலக்காது. டாட் 5.1 என்று ஒன்று விற்கிறதே, அது கிளைக்கால். எண்ணைப் பார்த்து ஏமாறாமல் போத்தலைத் திருப்பி, சிலிக்கோன் என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள்.

உள்ளே இருப்பது எதுவென்று அறிய ஒரு ஜாம் போத்தல் போதும். பாதி தண்ணீர் பிடித்து, மாஸ்டர் சிலிண்டரிலிருந்து சிரிஞ்சில் கொஞ்சம் ஆயில் எடுத்து விட்டு, மூடிக் குலுக்கி வையுங்கள். தண்ணீரோடு கரைந்துவிட்டால் கிளைக்கால். எண்ணெய்போல மேலே வந்து நின்றால் சிலிக்கோன். பாதி கரைந்து பாதி மிதந்தால் இரண்டும் உள்ளே இருக்கின்றன. அப்படியானால் முழுவதையும் வடித்து, குழாய்களை ஸ்பிரிட் விட்டுக் கழுவிக் காற்றடித்துக் காயவைத்து, ரப்பர்கள் அத்தனையையும் மாற்ற வேண்டும். நிறத்தை நம்பாதீர்கள். புது சிலிக்கோன் ஊதாவாக இருக்கும், பழையது வெளுத்துவிடும்.

சிலிக்கோன் இருந்தால் கவலையில்லை என்றும் நினைக்க வேண்டாம். அது ஈரத்தைக் குடிக்காது, ஆனால் உள்ளே புகுந்த தண்ணீர் துளியாகவே இறங்கி, ஒவ்வொரு சக்கரத்திலும் பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் அடியில் தேங்கும். நம் பக்கத்து ஈரக் காற்றில் அந்த ஒரே இடம் அரித்துக் குழியாகும். சிலிண்டரைப் பிரித்து உட்புறத்தில் விரலை ஓட்டுங்கள். நகம் சிக்கினால் தேய்த்துப் பயனில்லை, மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது மிதியில் பிடிப்பதற்குக் காரணம் ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளி கூடியிருக்கலாம், அல்லது குழாயில் காற்று இருக்கலாம். ஆயில் குறைந்திருந்தது என்கிறீர்களே, அது எங்கே போனது? வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை விலக்கிப் பாருங்கள், ஈரம் இருந்தால் அதுதான். ஆறும் காய்ந்திருந்து ஆயில் மட்டும் குறைந்தால் ஏர்பேக்கை (air pack) சந்தேகியுங்கள். காரில் விரியும் காற்றுப்பை இல்லை. உங்கள் மிதியைக் காற்றழுத்தத்தால் பெருக்கிக் கொடுக்கும், சேஸில் மாட்டிய உருளை அது. உள்ளே சீல் போனால் ஆயில் காற்றுப் பக்கத்துக்குப் போய்விடும். வெளியே ஒரு சொட்டும் தெரியாது. மேலே ஊற்றிக்கொண்டே இருப்பவர்களுக்குக் கடைசிவரை புரியாது.

டிரம்மைக் கழற்ற ஹப்பையும், அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தையும், சேர்த்து இழுக்க வேண்டும். எடுத்த சீலைத் திரும்பப் போடாதீர்கள். லாரியின் இடப்பக்கச் சக்கர நட்டுகள் இடது மரை, வலமாகச் சுற்றினால்தான் கழலும். தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தண்ணீர் தெளித்துத் துடையுங்கள். டயரைப் பிரிக்கும் வேலை லாரி டயர் கடைக்கு. டயரை ரிம்மில் பிடித்துவைக்கும் பூட்டு வளையம் தெறித்தால் ஆளைக் கொல்லும், கூண்டுக்குள் வைத்துத்தான் காற்றடிக்க வேண்டும்.

ரப்பர் ஹோஸ் வெளியே புதிதுபோல இருந்தாலும் உள்ளே வீங்கி அடைத்திருக்கலாம். பெடலை விட்ட பிறகும் ஒரு சக்கரம் இறுகியே இருந்தால் அதன் நிப்பிளை, அதாவது காற்று வெளியேற்றும் சிறு திருகை, திறந்து பாருங்கள். உடனே இளகினால் பெரும்பாலும் ஹோஸ்தான் குற்றவாளி. எதற்கும் எல்லா ஹோஸையும் மாற்றிவிடுங்கள். இரும்புக் குழாய்களுக்குப் பதில் தாமிர-நிக்கல் குழாய் போட்டால் துருத் தொல்லை இல்லை. குழாயிலிருந்து காற்றை வெளியேற்றும்போது முதலில் ஏர்பேக், பிறகு தூரத்தில் இருக்கும் பின்சக்கரத்திலிருந்து முன்னோக்கி வாருங்கள். சிலிக்கோன் போத்தலைக் குலுக்காதீர்கள். குமிழி எளிதில் வெளியேறாது. ஓரமாக, மெல்ல ஊற்றுங்கள்.

பெயிண்டைக் கடைசியில் வையுங்கள். கிளைக்கால் கசிந்தால் புதுப் பெயிண்டை உரித்துவிடும். ஹோஸ் மேல் பெயிண்ட் பட்டால் வெடிப்பு மறைந்துபோகும், நிப்பிள் அடைத்துப்போகும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், உலர்வாகத் தேய்க்காதீர்கள். 24087 பாதிப் பளபளப்பு, 34087 மங்கல். மழையில் ஓடும் வண்டிக்கு 24087 கழுவச் சுலபம், அதையே அடியுங்கள். பதிவைப் பற்றி நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கு எழுதிக் கேளுங்கள், இப்போது அதற்கு அவசரமில்லை.

இந்தச் சனிக்கிழமை பிரைமர் டப்பாவைத் திறக்க வேண்டாம். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்துவிட்டு அந்த ஜாம் போத்தலை எடுங்கள். தண்ணீரில் என்ன ஆயிற்று என்று ஞாயிறு இரவே எழுதுங்கள், காத்திருக்கிறேன்.