ஏப்ரல் 27 ஆம்ஸ்டர்டாம் டிராம் பிரச்சனை

27ம் தேதி ஏர்போர்ட்லேருந்து ஹோட்டலுக்கு எப்படி போறது, மேப்ல டிராமே காட்டலியேன்னு கேட்டிருந்தீங்க. சென்ட்ரல் ஸ்டேஷன் வரைக்கும் போகாதீங்க. ஸ்கிபோல் ஏர்போர்ட்ல ட்ரெயின் ஏறி ஸௌட் (Zuid) ஸ்டேஷன்ல இறங்கிடுங்க, பத்து நிமிஷம் கூட ஆகாது, அங்கேருந்து 52ம் நம்பர் மெட்ரோ பிடிச்சா கால்வாய் பக்கம் இருக்குற உங்க ஹோட்டலுக்கு கிட்டயே போயிடலாம், மிச்சம் நடைதான்.

டிராம் காட்டாதது மேப் தப்பில்ல. அன்னிக்கு கோனிங்ஸ்டாக், அதாவது ராஜா தினம், நெதர்லாந்து ராஜா வில்லெம் அலெக்சாண்டர் பிறந்தநாள். ஊர் நடுவுல தெருவெல்லாம் ஆரஞ்சு கலர் கூட்டமா இருக்கும், டிராம் எங்க ஓடும்? அன்னிக்கு யார் வேணா ரோட்டுல கடை போடலாம், பொடிசுங்க போர்வை விரிச்சு பழைய பொம்மை, புக்குன்னு வித்துட்டு இருக்கும், ஒரு யூரோ குடுத்து ஏதாவது வாங்குங்க, செம ஜாலியா இருக்கும்.

கிளம்புறதுக்கு முந்தின நாள் ராத்திரி ஜிவிபி (GVB, அந்த ஊர் டிராம், மெட்ரோ ஓட்டுற கம்பெனி) ஆப்ல 27ம் தேதின்னு தேதி மாத்திப் போட்டு தேடிப் பாருங்க, இன்னிக்கு தேதில பாத்தா எல்லா டிராமும் ஓடுற மாதிரிதான் காட்டும்.

ஒண்ணு, கூட்டம் ஜாஸ்தியானா மெட்ரோ சில ஸ்டேஷன்ல நிக்காமலே போயிடலாம். பெரிய சூட்கேஸ் இருந்தா மத்தியானத்துக்கு முன்னாடியே போய்ச் சேந்துடுங்க, அப்புறம் அந்த நெரிசல்ல சக்கரப் பெட்டிய இழுக்குறதெல்லாம் நடக்காத காரியம். அப்புறம் 27 ஞாயிறா வந்தா கொண்டாட்டம் 26க்கு மாறிடும், காலண்டர் பாத்துக்கோங்க.